முடிக்காத காரை விற்கும் ஊர்!

டோக்கியோவில் ஹிகாரி புல்லட் ரயிலைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரப் பயணம். வலப்பக்க ஜன்னல் சீட்டு கிடைத்து, வானமும் தெளிவாக இருந்தால், வழியில் ஃபுஜி மலையின் தரிசனம் இலவசம். இறங்க வேண்டிய ஊர் ஷிசுவோகா. ஜப்பானில் யாரைக் கேட்டாலும் 'பச்சைத் தேயிலைக்குப் பேர் போன ஊராச்சே' என்பார்கள். அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பார்க்க நகராட்சி அலுவலகத்தின் முன்னால் இருக்கும் தபால்பெட்டி வரை நடந்தால் போதும்.

அந்தத் தபால்பெட்டி மற்ற ஊர்களில் நிற்பதுபோல் நிற்பதில்லை. ஒரு பெரிய சட்டத்துக்குள், காம்புகளில் கோத்ததுபோல நிற்கிறது. பிளாஸ்டிக் மாடல் பெட்டியைத் திறந்ததும் கையில் வருமே, சீப்பில் வாழைப்பழம் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல பாகங்கள் வரிசையாகத் தொங்கும் சட்டம்? அதையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஊர் நடுவில் நிறுத்திவிட்டார்கள். பார்வைக்குச் சிலை மாதிரி இருந்தாலும் உண்மையான தபால்பெட்டிதான். கடிதம் போட்டால் போய்ச் சேரும். இதேபோல ஒரு பொதுத் தொலைபேசியும் உண்டு. 2021 முதல் நகரத்தில் ஒவ்வொன்றாக முளைத்துவரும் இவற்றுக்கு 'ப்ளாமோன்யுமென்ட்' என்று பெயர். பிளாஸ்டிக் மாடலும் மான்யுமென்ட்டும் சேர்ந்த சொல்.

ஷிசுவோகா தன்னை 'மாடல்களின் உலகத் தலைநகரம்' என்று அழைத்துக்கொள்கிறது. இதை வெறும் பெருமைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானிலிருந்து வெளிவரும் பிளாஸ்டிக் மாடல்களில், மதிப்பில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இந்த வட்டாரத்தில் தயாராகின்றன. சிவப்பு, நீல இரட்டை நட்சத்திர முத்திரை கொண்ட டமியா இங்கேதான் இருக்கிறது. அவோஷிமாவும் ஃபுஜிமியும் இதே ஊர். பக்கத்து ஊரான யாய்சுவில் ஹசேகவா. கண்டம் (குண்டம்) ரோபோ மாடல்களை அச்சடிக்கும் பண்டாய் தொழிற்சாலையும் இங்கேதான்.

இந்த ஊர் விற்கும் காரில் ஒரு விசேஷம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும்போது அது கார் இல்லை. ஒரு பெட்டி நிறைய துண்டுகள். பாதி வேலையைத் தொழிற்சாலை செய்கிறது, மீதிப் பாதியை வாங்குபவரின் கை செய்ய வேண்டும். அந்தக் கைகள் இருக்கும்வரைதான் இந்த ஊருக்கும் பிழைப்பு.

கோயில் கட்ட வந்த தச்சர்கள்

பிளாஸ்டிக் தொழில் இங்கே வேர்விட்ட கதை மரத்தில் தொடங்குகிறது. ஜப்பானை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த டோகுகவா இயெயாசு, தன் கடைசிக் காலத்தை இங்கே கழித்து 1616இல் இறந்தார். அவருக்காகக் கடலைப் பார்த்த மலையில் எழுந்தது குனோசான் டோஷோகு ஆலயம். பிறகு அவருடைய பேரன் இயெமிட்சு, 1634இல் இங்கிருந்த செங்கென் ஆலயத்தைப் பிரமாண்டமாகக் கட்டத் தொடங்கினார். தச்சர்கள், செதுக்குபவர்கள், அரக்குப் பூச்சு வேலைக்காரர்கள் எனப் பல ஊர்களிலிருந்தும் கைவினைஞர்கள் வந்தார்கள். வேலை முடிந்த பின்பும் பலர் ஊர் திரும்பவில்லை. தட்பவெப்பம் இதமாக இருந்தது, சுற்றிலும் மரம் கிடைத்தது. இங்கேயே குடியேறிவிட்டார்கள்.

அவர்களின் வாரிசுகள் மேஜை, நாற்காலி, கண்ணாடி மேஜை, அரக்குப் பாத்திரம் என்று செய்து பிழைத்தார்கள். அதோடு இன்னொன்றும் செய்தார்கள். நம் நவராத்திரி கொலுவைப் போலவே ஜப்பானியர்கள் மார்ச் 3ஆம் தேதி படிக்கட்டு அமைத்து, சிவப்புத் துணி விரித்து, ராஜா ராணி பொம்மைகளை அடுக்குவார்கள். ஹினா பண்டிகை என்று பெயர். அந்தப் பொம்மைகளும், அவற்றுக்கு வேண்டிய உள்ளங்கையளவு பீரோ, பெட்டி, பல்லக்கு போன்ற சாமான்களும் ஷிசுவோகாவின் பாரம்பரியத் தொழில். பெரிய பொருளை அதன் அழகு குறையாமல் சின்னதாகச் செய்வது இந்த ஊர்க்காரர்களின் விரல்களுக்குப் பழகிய வேலை.

1932இல் அந்த விரல்கள் விமானத்துக்கு மாறின. ஊரில் விமானி ஒருவர் இருந்தார். பெயர் ஜிரோ அவோஷிமா. அவர்தான் மரக்குச்சிகளை வைத்து மாடல் விமானங்கள் தயாரிக்கத் தொடங்கினார். பள்ளிகளில் மாடல் விமானம் செய்வது பாடமாகவே இருந்த காலம் அது. இன்றைக்கும் இந்த ஊர் மாடல் தயாரிப்பாளர்களின் கூட்டுறவு சங்கப் பெயரில் 'மாடல், கல்விப்பொருள்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே இருக்கின்றன.

தீயும் நஷ்டமும்

டமியாவும் முதலில் மரக்கடைதான். 1946இல் யோஷியோ டமியா தொடங்கியது மரம் அறுத்து விற்கும் தொழில். பக்கத்தொழிலாகத்தான் மரத்தில் மாடல் கப்பல், வண்டி செய்தார்கள். 1951இல் ஒரு தீ விபத்து. கிடங்கில் இருந்த மரமெல்லாம் சாம்பல். அந்த அடியிலிருந்து எழ முடியாமல் மர வியாபாரத்தை மெல்லக் கைவிட்டு, 1953இல் மாடல் மட்டுமே தொழில் என்று முடிவெடுத்தார்கள்.

அடுத்த அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. 1950களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் மாடல்கள் ஜப்பானியக் கடைகளில் நுழைந்தன. மரத்தை நாள்கணக்கில் சீவி, தேய்த்துச் செய்ய வேண்டியதை, பிளாஸ்டிக்கில் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டினால் போதும். மர மாடல் விற்பனை சரிந்தது.

டமியாவும் 1960இல் பிளாஸ்டிக்கில் இறங்கியது. முதல் மாடல், யமாட்டோ போர்க்கப்பல். ஆனால் அதே கப்பலைப் போட்டி நிறுவனம் ஒன்று குறைந்த விலைக்கு விற்றது. டமியாவும் விலையைக் குறைக்க, அச்சு செய்த செலவுகூடத் திரும்பவில்லை. மறுபடி மரத்துக்கே திரும்பி மூச்சு வாங்கினார்கள். யோஷியோவின் மகன் ஷுன்சாகு டமியா இன்னொரு முறை துணிந்தார். மோட்டார் வைத்து நிஜமாகவே ஓடும் பீரங்கி வண்டி மாடல் ஒன்று 1960களின் தொடக்கத்தில் வெளியானது. அது விற்ற வேகத்தில்தான் நிறுவனம் பிழைத்தது.

கார் கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. 1967இல் ஹோண்டாவின் ஃபார்முலா 1 பந்தயக் காரை, அசலில் 12இல் 1 பங்கு அளவில் டமியா வெளியிட்டது. 1970களில் போர்ஷே காரை மாடலாகச் செய்ய நினைத்தபோது, படங்களும் அளவுகளும் ஷுன்சாகுவுக்குப் போதவில்லை. நிஜ போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கினார். வாங்கிய காரை ஓட்டிப் பார்த்து ரசித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அக்கு அக்காகக் கழற்றிப் போட்டார்! ஒவ்வொரு பாகமும் எதனுடன் எப்படிச் சேருகிறது என்று பார்த்துப் பதிவு செய்தார்கள். கழற்றுவது எளிதாக இருந்தது. திரும்பப் பூட்டுவதற்குத்தான் போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பில் பிறந்ததுதான் போர்ஷே 934 மாடல். 1976இல் அதையே ரிமோட் கன்ட்ரோல் காராகவும் வெளியிட, டமியாவுக்குப் புதிய உலகமே திறந்தது.

சமையல் மேஜையில் ஒரு பட்டறை

இப்படித் தயாராகி வரும் பெட்டி ஒரு வீட்டுக்குள் நுழைந்த பிறகு என்ன நடக்கிறது?

கார் மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு 1/24. அசலில் 24 அடி இருந்தால் மாடலில் ஒரு அடி. சராசரி கார் ஒன்று 17, 18 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். பெட்டிக்குள் பாடி, சேஸிஸ், சீட், டேஷ்போர்டு, சக்கரம், கண்ணாடி என எல்லாம் தனித்தனியாகச் சட்டத்தில் தொங்கும்.

முதல் வேலை வெட்டுவது. காம்பை ஒட்ட வெட்டினால் பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழும். அதனால் கொஞ்சம் தள்ளி ஒருமுறை, பிறகு ஒட்டி ஒருமுறை என இரண்டு தடவை வெட்டுவார்கள். மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்து எடுப்பார்கள்.

அடுத்தது நம்மூர் டிங்கரிங் பட்டறையில் நடக்கும் அதே வேலைகள், அதே வரிசையில். பள்ளம் இருந்தால் பட்டி. பட்டி காய்ந்ததும் தேய்ப்பு. பிறகு பிரைமர், அதன் மேல் பெயிண்ட். ஸ்பிரேயை ஒரே அடியாக அடித்தால் வழிந்துவிடும். மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது என்று அடிக்க வேண்டும். மழை நாளில் லாக்கர் பெயிண்ட் அடித்தால் காற்றிலிருக்கும் ஈரம் பட்டுப் பூச்சு வெளுத்துப் போகும். அதனால் ஜப்பானில் ஜூன் மாத மழைக்காலம் வந்தால் மாடல் செய்பவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் டப்பாவைத் திறப்பார்கள்.

பெயிண்ட் காய்ந்ததும் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்ப்பார்கள். பளபளத்த கார் மங்கிப் போய்விடும். முதல் முறை செய்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இது. பயப்பட வேண்டாம். பாலிஷ் பசையைக் கரகரப்பானதிலிருந்து நைஸானது வரை படிப்படியாகப் போட்டுத் துடைத்தால் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு திரும்பிவிடும்.

நம்பர், கோடு, விளம்பர எழுத்துகள் எல்லாம் டீகால் எனப்படும் மெல்லிய படலத்தில் இருக்கும். தண்ணீரில் நனைத்து, காகிதத்திலிருந்து நழுவவிட்டுப் பாடியில் உட்கார வைக்க வேண்டும். கண்ணாடியையும் ஹெட்லைட்டையும் ஒட்ட மட்டும் சூப்பர் க்ளூவைத் தொடக் கூடாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புகை படிந்துவிடும்.

இவ்வளவுக்கும் வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டு மேஜை. கூடவே திறந்த ஜன்னலும், முகத்துக்கு மாஸ்க்கும்.

ஆல்டர் செய்யும் ஆசை

புது பைக் வாங்கிய மறுநாளே சைலன்சரை மாற்றும் நம்மூர் இளைஞர்களைப் போல, மாடல் காரையும் 'ஆல்டர்' செய்யாமல் விடாதவர்கள் உண்டு. அவர்களுக்கென்றே அவோஷிமாவும் ஃபுஜிமியும் 1/24 அளவில் சக்கரங்களைத் தனியாக விற்கின்றன. பெரிய ரிம் மாட்டி, சஸ்பென்ஷனை இறக்கி, அகலமான ஃபெண்டர் வைத்து, மேலே தூக்கிய சைலன்சர் குழாயோடு ஜப்பானியத் தெருப் பந்தயக் கார்களின் 1970, 80களின் அவதாரத்தை மேஜை மீது கொண்டுவந்துவிடுவார்கள்.

நிஜக் காரில் இதைச் செய்தால் போலீஸ் பிடிக்கும், பர்ஸும் காலியாகும். மாடலில் இரண்டு பயமும் இல்லை. செதில் போல மெல்லிய உலோகத் தகடுகளில் வெட்டிய கிரில், வைப்பர், சீட் பெல்ட் கொக்கிகள்கூடக் கிடைக்கின்றன. சீட் பெல்ட்டைக் கொக்கிக்குள் இடுக்கியால் நுழைத்துவிட்டு, மூச்சை மெதுவாக விடுவது ஒரு தனி சுகம் என்பார்கள் அனுபவசாலிகள்.

சின்னப் பிள்ளைகளுக்கு 1982இல் டமியா கொண்டுவந்தது 'மினி 4WD' என்ற குட்டி நாலு சக்கர வண்டி. பேட்டரி போட்டு, சுவர் வைத்த பாதையில் விட்டால் தானே பறக்கும். ரிமோட் கிடையாது. எனவே ஓட்டும் திறமைக்கு அங்கே வேலையில்லை. எந்த மோட்டார், எந்தப் பல்சக்கரம், வளைவில் சுவரில் உரசி உருளும் ரோலரை எங்கே மாட்டுவது, எடையை எங்கே குறைப்பது என்ற யோசனைதான் ஜெயிக்க வைக்கும்.

ஃப்ரீசருக்குள் பழைய கார்

மூன்றாவது கூட்டம் புதுப் பெட்டியைத் தேடாது. பழைய பொருள் கடைகளில், பாட்டி வீட்டுப் பரணில், தூசு படிந்து கிடக்கும் அரைகுறை மாடல்களைத் தேடும். பத்து வயதில் யாரோ அவசரமாக ஒட்டியது. பசை வழிந்திருக்கும், பெயிண்ட் திட்டுத்திட்டாக இருக்கும், ஒரு சக்கரம் காணாமல் போயிருக்கும். அதை மீட்பது ஒரு வைத்தியம் மாதிரி.

முதலில் ஒட்டிய இடங்களைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒரு சமையலறை உபாயம் உண்டு. மாடலைப் பையில் போட்டுச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைப்பார்கள். குளிரில் பழைய பசை நொறுங்கும் பதத்துக்கு வரும். வெளியே எடுத்துப் பக்குவமாக வளைத்தால் பல இடங்களில் 'டக்' என்று விட்டுவிடும். பழைய பெயிண்டை எடுக்க ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊற வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். கடுமையான தின்னரைப் போட்டால் பெயிண்டோடு பிளாஸ்டிக்கும் கரைந்துவிடும். மங்கிப்போன பம்பரின் குரோமியப் பூச்சு, துணி வெளுக்கும் ப்ளீச்சில் ஊறினால் கழன்றுவிடும். ஆனால் ப்ளீச்சையும் மற்ற ரசாயனங்களையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும். கையுறை கட்டாயம். பிள்ளைகள் செய்வதானால் பக்கத்தில் பெரியவர்கள் இருக்க வேண்டும்.

மஞ்சளேறிய பழைய டீகாலுக்கு மருந்து இன்னும் எளிது. ஒரு பாலிதீன் உறைக்குள் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவைத்தால், சில நாட்களில் மஞ்சள் மெல்ல வெளுக்கும்.

தொழிற்சாலைகளிலும் இப்படியொரு மீட்பு நடக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் எஃகு அச்சுதான் இந்தத் தொழிலின் சொத்து. நகரத்தின் ஷிமிசு பகுதியில் இமாய் என்று ஒரு மாடல் நிறுவனம் இருந்தது. 1969இல் அது நொடித்தபோது அதன் அச்சுகளில் ஒரு பகுதி பண்டாய்க்குப் போனது. மீண்டு எழுந்து, 2002இல் மாடல் தொழிலை விட்டபோது மீதி அச்சுகள் அவோஷிமாவிடம் சேர்ந்தன. நிறுவனத்தின் பெயர் போனாலும் அச்சு சாகவில்லை. தாத்தா சிறுவயதில் ஒட்டிய அதே மாடலைப் பேரன் புதுப் பெட்டியில் வாங்குவது இப்படித்தான் சாத்தியமாகிறது.

அடுக்கி வைத்த பெட்டிகள்

அந்தப் பேரன் வாங்குவானா? ஷிசுவோகாவின் இன்றைய கவலை அதுதான்.

ஜப்பானிய மொழியில் 'ட்சுமி-ப்ளா' என்றொரு சொல் உண்டு. வாங்கி, பிரிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும் மாடல் பெட்டிகளைக் குறிப்பது. 'ரிட்டையர் ஆன பிறகு செய்யலாம்' என்று வாங்கிச் சேர்ப்பவர்கள் ஏராளம். செய்ய நேரம் வரும்போது கண் மங்கியிருக்கும், விரல் நடுங்கும். ஒருநாள் அந்த அடுக்கு மட்டும் மிஞ்சும். பிள்ளைகளுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. இன்னொரு பக்கம், கையில் போன் வந்த பிறகு நிப்பரைப் பிடிக்காத தலைமுறை வளர்கிறது.

ஊர் சும்மா இருக்கவில்லை. பசையும் பெயிண்டும் தேவையில்லாமல், அழுத்தினாலே பொருந்தும் 1/32 அளவு கார்களை அவோஷிமா விற்கிறது. ரயில் நிலையத்தின் தெற்கு வாசலில் 'ஹாபி ஸ்கொயர்' என்ற கண்காட்சிக் கூடம். ஊர் நடுவே அந்தத் தபால்பெட்டிகள். எல்லாவற்றுக்கும் மேல், மே மாதத்தில் ட்வின் மெஸ்ஸே அரங்கில் நடக்கும் ஷிசுவோகா ஹாபி ஷோ. 1959இல் தொடங்கிய இந்தக் கண்காட்சியில் வியாபாரிகளுக்கான நாட்கள் போக, வார இறுதி பொதுமக்களுக்கு.

அந்த இரண்டு நாளும் நிறுவனங்களின் புது மாடல்களைவிடக் கூட்டம் சுற்றிச் சுற்றி வருவது வேறொரு கூடத்தில். 1990 முதல் நடந்துவரும் மாடலர் கிளப்புகளின் கூட்டுக் கண்காட்சி அது. நூற்றுக்கணக்கான கிளப்புகள், வெளிநாட்டிலிருந்தும்கூட, தாங்கள் செய்ததைக் கொண்டுவந்து நீள மேஜைகளில் பரப்புகின்றன. இங்கே பரிசுப் போட்டி எதுவும் முக்கியம் இல்லை. செய்தவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கேட்டால் சொல்வார்.

போர்ஷேயைக் கழற்றிப் போட்ட ஷுன்சாகு டமியா 2025 ஜூலையில், தன் 90ஆவது வயதில் காலமானார். அவர் தயாரித்த கார்கள் உலகம் முழுக்க எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அவர் கையால் முடிந்ததில்லை. கதவின் நிறம், ரிம்மின் பளபளப்பு, கொஞ்சம் கோணலாக ஒட்டிய நம்பர் பிளேட், எல்லாம் வாங்கியவரின் கைவண்ணம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் என்றோ வாங்கி, பாதியில் விட்ட ஒரு கார் இருக்கலாம். கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மேஜையில் பழைய நாளிதழை விரித்து, பிள்ளைகளையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதல் காம்பை அவர்களே வெட்டட்டும்.